எந்த நிபந்தனையில்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மேல்நிலை நுண்பொருளியல். இளங்கலையில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்களையும் முதல் வாரத்திலேயே திகைக்க வைக்கும் பாடம் இது. தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் அந்தப் பழகிய படம் திடீரென்று காணாமல் போகிறது. அது இருந்த இடத்தில் கணங்களும் சார்புகளும் தேற்றங்களும் வந்து அமர்ந்துகொள்கின்றன. 1995-இல் மாஸ்-கொலெல், வின்ஸ்டன், கிரீன் ஆகிய மூவர் எழுதி வெளியிட்ட பாடநூலை நூலகத்தில் புரட்டியிருப்பீர்கள். 23 அத்தியாயங்கள், ஏறக்குறைய ஆயிரம் பக்கங்கள். காய்கறி விலை ஏன் ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள வந்தவனுக்கு இத்தனை கணிதம் எதற்கு? நியாயமான கேள்வி. இந்தப் பாடம் நமக்குக் கற்றுத்தருவது ஒரே ஒரு பழக்கத்தை என்று நான் சொல்வேன். பொருளாதாரத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், "எந்த நிபந்தனையில்?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் அது. அந்தப் பழக்கத்திற்காக ஆயிரம் பக்கம் படிக்கலாம் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வாதம்.

எளிய இடத்திலிருந்து தொடங்குவோம். விலை குறைந்தால் மக்கள் அதிகம் வாங்குவார்கள். பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம், தேவை விதி. உண்மைதானா? ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,500 ரூபாய் உணவுக்கு இருக்கிறது. வயிறு நிறைய 30 கிலோ உணவு வேண்டும். அரிசி கிலோ 30 ரூபாய், மீன் கிலோ 150 ரூபாய். மீன்மேல் ஆசைதான், ஆனால் மீனையே வாங்கினால் வயிறு நிறையாது. கணக்குப் போட்டால் 25 கிலோ அரிசியும் 5 கிலோ மீனும் வாங்கலாம். காசும் சரியாகத் தீர்ந்துபோகும். இப்போது அரிசி விலை 25 ரூபாய்க்கு இறங்குகிறது. அதே 1,500 ரூபாய், அதே 30 கிலோ. மறுபடி கணக்குப் போடுங்கள். 24 கிலோ அரிசி, 6 கிலோ மீன். அரிசி மலிந்தது, குடும்பம் வாங்கிய அரிசியோ ஒரு கிலோ குறைந்தது! விலை இறங்கியதால் கையில் மிஞ்சிய காசு மீனுக்குப் போயிற்று. மீன் ஒரு கிலோ கூடியதும் ஒரு கிலோ அரிசி தேவையில்லாமல் போயிற்று. இங்கே யாரும் அறிவில்லாமல் நடந்துகொள்ளவில்லை. தேவை விதி பொய்யாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதைத்தான் மேல்நிலைப் பாடம் முதல் சில வாரங்களில் பிரித்துக் காட்டுகிறது. யூஜின் ஸ்லட்ஸ்கி 1915-இல் ஓர் இத்தாலிய இதழில் எழுதிய கட்டுரை உலகப் போரின் இரைச்சலில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 1930-களில்தான் அறிஞர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். விலை மாற்றத்தின் விளைவு இரண்டு துண்டு என்றார் அவர். மலிந்த பண்டத்தின் பக்கம் சாய்வது பதிலீட்டு விளைவு. அது ஒருபோதும் திசை மாறாது. விலை இறங்கியதால் பணம் கூடியதுபோல் ஆவது வருமான விளைவு. அது எந்தப் பக்கமும் இழுக்கும். தேவை விதி எந்த நிபந்தனையில் நிற்கும், எந்த நிபந்தனையில் விழும் என்பதை இந்தப் பிரிப்பைக் காட்டும் அவருடைய சமன்பாடு ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. விதி விழ வேண்டுமானால், வருமானம் கூடினால் குறைவாக வாங்கப்படும் பண்டமாக இருக்க வேண்டும்; அந்தப் பண்டம் குடும்பச் செலவில் பெரும்பங்காக இருக்க வேண்டும்; அதற்கு ஈடாக மலிவான வேறு பண்டம் இருக்கக் கூடாது. ஆல்ஃபிரட் மார்ஷல் தம் பொருளியல் நூலின் 1895-ஆம் ஆண்டுப் பதிப்பில் கிஃபன் என்பவர் பெயரைச் சொல்லி இந்த விதிவிலக்கைக் குறித்தார். அதன்பிறகு நூறாண்டுக்கும் மேலாக, அது காகிதத்தில் மட்டுமே வாழும் பூச்சாண்டி என்று பலரும் எண்ணியிருந்தார்கள். பிறகு ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் என்ற இருவர் சீனாவின் ஹுனான் மாநிலத்தில் ஏழைக் குடும்பங்களுக்குச் சில மாதங்கள் அரிசி விலையில் சலுகைச் சீட்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு அச்சேறியது. அரிசி மலிந்தபோது அந்தக் குடும்பங்கள் அரிசியைக் குறைத்துக்கொண்டன! இதைவிட அருமையான செய்தி ஒன்று உண்டு. மிகமிக வறிய குடும்பங்களில் இந்த விளைவு தெரியவில்லை. ஏழ்மையில் இருந்தும் கொஞ்சம் கறி வாங்க முடிந்த குடும்பங்களில்தான் தெரிந்தது. ஏன்? அடிமட்ட வறுமையில் இருப்பவன் தட்டில் குறைப்பதற்கு ஒன்றுமில்லை, மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை. எங்கே தேட வேண்டும் என்று கோட்பாடு கைகாட்டியது. காட்டிய இடத்தில் கிடைத்தது.

அடுத்து, இந்தப் பாடத்தின் நடுமண்டபத்துக்கு வருவோம். 1776-இல் ஆடம் ஸ்மித் சொன்ன அந்தக் கண்ணுக்குத் தெரியாத கை. தன்னலம் தேடும் கோடிக்கணக்கான மனிதர்களைச் சந்தை தானாகவே ஒழுங்குபடுத்தும் என்ற நம்பிக்கை. இருநூறு ஆண்டுகள் கட்சிகளும் அரசுகளும் இதைச் சொல்லியே வாதாடின, எதிர்த்தும் வாதாடின. நிறுவிக் காட்டியவர் யார்? 1954-இல் கென்னத் ஆரோவும் ஜெரார்டு டெப்ரூவும் சேர்ந்து எழுதிய கட்டுரை, எல்லாச் சந்தைகளையும் ஒரே நேரத்தில் சமநிலைக்குக் கொண்டுவரும் விலைகள் இருக்க முடியும் என்று முறையாக நிறுவியது. அதே ஆண்டில் லயனல் மெக்கென்சியும் தனியாக நிறுவினார். 1959-இல் டெப்ரூ இதையெல்லாம் நூற்றுச் சொச்சம் பக்கமுள்ள ஒரு சிறு நூலில் அடக்கினார். படித்துப் பாருங்கள், நண்பர்களே. சந்தையைப் புகழ்ந்து அதில் ஒரு சொல் கிடையாது. இருப்பதெல்லாம் நிபந்தனைகள். ஒவ்வொரு பண்டத்துக்கும், ஒவ்வொரு இடத்துக்கும், ஒவ்வொரு நாளுக்கும், நாளை நேரக்கூடிய ஒவ்வொரு நிலைமைக்கும் தனித்தனிச் சந்தை இருக்க வேண்டும். விலையைத் தன் விருப்பப்படி அசைக்கும் வலிமை யாருக்கும் இருக்கக் கூடாது. ஒருவன் ஆலை விடும் கழிவு அடுத்தவன் வயலைத் தொடக் கூடாது. பெரிதாக உற்பத்தி செய்யச் செய்யச் செலவு சரிந்துகொண்டே போகும் தொழில் இருக்கக் கூடாது. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இவை அனைத்தும் கூடினால் சமநிலை உண்டு, அதில் வீணும் இல்லை. கூடாவிட்டால்? தேற்றம் வாய் திறக்காது.

இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது. நல்லெண்ணம் உள்ள பலர் சொல்வது அது. இந்தப் பாடம் சந்தைக்குத் துதி பாடுகிறது, இதைப் படித்த பிள்ளைகள் ஏழைகளை மறந்துவிடுவார்கள் என்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். பாடத்தைப் பாதியில் நிறுத்தியவர்களிடம் அந்தக் குற்றம் இருக்கவும் கூடும். ஆனால் அந்த ஆயிரம் பக்க நூலின் பொருளடக்கத்தைப் பாருங்கள். புறவிளைவுகளுக்கு ஓர் அத்தியாயம். சந்தை ஆதிக்கத்துக்கு ஓர் அத்தியாயம். தகவல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு அத்தியாயங்கள். தேற்றம் கேட்ட ஒவ்வொரு நிபந்தனையும் பிறகு ஓர் ஆராய்ச்சித் துறைக்கு வாசலாகத் திறந்திருக்கிறது. 1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு நான்காவதில் வெளியானது. வாங்குபவனால் நல்ல காரையும் ஓட்டைக் காரையும் பிரித்தறிய முடியாவிட்டால் இரண்டுக்கும் ஒரே விலைதான் சொல்வான்; அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்க மாட்டான்; கடைசியில் ஓட்டைக் கார்களே மிஞ்சும். அதே கட்டுரையில் இந்தியக் கிராமங்களின் கடன் சந்தையும் வருகிறது. யார் திருப்பித் தருவான் என்பது உள்ளூர் வட்டிக்காரனுக்குத் தெரியும், வெளியிலிருந்து வருபவனுக்குத் தெரியாது. வட்டி ஏன் உயரத்திலேயே நிற்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். 2001-இல் இந்தச் சிந்தனைக்கு நோபல் பரிசு கிடைத்தது. சந்தை எங்கே உடைகிறது என்று சொன்ன அந்தக் கட்டுரையும் தேற்றம் கேட்ட ஒரு நிபந்தனை இல்லாத இடத்தைத்தான் காட்டியது. இன்னும் சொல்கிறேன். 1970-களில் சோனென்ஷைன், மான்டெல், டெப்ரூ ஆகிய மூவர், தனிமனிதர் ஒவ்வொருவரும் நேர்த்தியாக நடந்துகொண்டாலும் மொத்தச் சந்தையின் தேவை ஏறக்குறைய எந்த வடிவத்தையும் எடுக்கலாம் என்று நிறுவினார்கள். சமநிலை ஒன்றே ஒன்றுதான் என்றோ, சந்தை தானாக அங்கே போய்ச் சேரும் என்றோ உறுதி சொல்ல வழியில்லை. மூவரில் ஒருவர் யார் என்று கவனித்தீர்களா? சமநிலை உண்டு என்று நிறுவிய அதே டெப்ரூ.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. மனிதன் இப்படிக் கணக்குப் பார்ப்பவனா? இவர்கள் எழுதும் எடுகோள்களே பொய்யாயிற்றே! ஆம், பல நேரங்களில் பொய்தான். அது பொய் என்று நமக்கு எப்படித் தெரிந்தது என்பதைக் கேட்டுப் பாருங்கள். நிச்சயமின்மைக்கு நடுவே மனிதன் எப்படித் தேர்ந்தெடுப்பான் என்பதற்கு வான் நாய்மனும் மார்கென்ஸ்டெர்னும் 1940-களில் சில அடிப்படை விதிகளை வகுத்தார்கள். 1952-இல் பாரிசில் நடந்த ஒரு மாநாட்டில் மோரிஸ் அல்லே ஒரு சோதனைக் கேள்வியை முன்வைத்தார். கோடி ரூபாய் உறுதியாகக் கிடைப்பதை விரும்புவாயா, கொஞ்சம் அபாயத்தோடு அதைவிடப் பெரிய தொகையை விரும்புவாயா என்ற வகையில் இரண்டு சோடிக் கேள்விகள். அந்த விதிகளின் பெரும் ஆதரவாளரான லெனர்டு சாவேஜே முதலில் விதிக்கு முரணாகத்தான் பதில் சொன்னார். தம் நூலில் அதை மறைக்காமல் எழுதவும் செய்தார். விதி மங்கலாக இருந்திருந்தால் இந்த முரண் கண்ணில் பட்டிருக்குமா? மனிதன் ஓரளவுக்குப் பகுத்தறிவோடு நடப்பான் என்று பொதுவாகச் சொன்னால் அதை யாராலும் பொய்யாக்க முடியாது. அதனாலேயே அதிலிருந்து யாரும் எதையும் கற்கவும் முடியாது. உளவியல் அறிஞர்களான கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் புதிய கோட்பாட்டைக் கட்டியபோது அல்லே காட்டிய விரிசலிலிருந்தே தொடங்கினார்கள். நடத்தைப் பொருளியலில் சேர விரும்புகிறேன், அதனால் அந்த விதிகள்மேல் நிற்கும் பழைய பயன்பாட்டுக் கோட்பாடு எனக்கு வேண்டாம் என்று சொல்லும் மாணவருக்கு ஒன்று சொல்வேன். எந்தச் செங்கல் பெயர்ந்தது என்று காட்ட, முதலில் சுவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கணிதம். இது மறுப்பு என்பதைவிட வேதனை. பொருளியல் ஆசையோடு வந்து, குறியீடுகளுக்குள் மூச்சுத் திணறி, இது எனக்கானது அன்று என்று விலகிப்போன பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்காகவே இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஆல்ஃபிரட் மார்ஷல் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முன்னணியில் தேறியவர். 1906-இல் பௌலி என்ற புள்ளியியல் அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், கணிதத்தைச் சுருக்கெழுத்தாக மட்டும் வைத்துக்கொள், பிறகு ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல், வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டுச் சொல், பிறகு கணிதத்தை எரித்துவிடு என்ற கருத்தில் அறிவுரை சொன்னார். எரித்துவிடு என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எரித்துவிட்டால் அடுத்தவன் எப்படிச் சரிபார்ப்பான்? மற்றபடி அந்த அறிவுரை பொன்னானது. அமர்த்தியா சென் டெல்லிப் பொருளியல் பள்ளியில் பேராசிரியராக இருந்த காலத்தில் எழுதி 1970-இல் வெளியிட்ட சமூகத் தேர்வு நூலைப் பாருங்கள். ஓர் அத்தியாயம் வெறும் சொற்களில். அடுத்த அத்தியாயம், எண்ணில் நட்சத்திரக் குறியோடு, அதே பொருள் கணிதத்தில். இரண்டும் மாறிமாறி வரும். நிபந்தனைகள் ஏன் வேண்டும் என்று சொல் சொல்கிறது. அந்த நிபந்தனைகள் போதும் என்று கணிதம் காட்டுகிறது. தமிழ் வழியில் படித்து வந்த மாணவருக்கு இங்கே குறை ஒன்றுமில்லை என்பதை நான் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். ஒரு தேற்றத்தை நிறுவி முடித்ததும், அதை வீட்டில் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லை என்றால் தமிழில் சொல் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நிறுவலில் ஏதோ ஒரு வரி உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த வரிக்குத் திரும்பிப் போங்கள்.

கணிதம் என்றால் குறியீடு என்பதும் ஒரு மயக்கம். 1962-இல் டேவிட் கேல், லாய்ட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையில் சமன்பாடே கிடையாது. இருந்தாலும் அது முழுக்க முழுக்கக் கணிதம் என்று அவர்களே முடிவில் குறித்தார்கள். முறை இதுதான். ஒவ்வொரு மாணவரும் தமக்கு மிகவும் பிடித்த கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார். கல்லூரி தன் இடங்களுக்குள் சிறந்தவர்களைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறது. அனுப்பப்பட்டவர் தமது அடுத்த விருப்பத்துக்குப் போகிறார். அங்கே ஏற்கெனவே இருப்பவரைவிட இவர் தகுதி கூடியவர் என்றால், இருப்பவர் இடம்விட்டு நகர வேண்டும். நகர யாரும் மிச்சமில்லாதபோது எல்லாச் சேர்க்கையும் உறுதியாகிறது. இதில் ஒரு மாணவர் பொய்யான விருப்பப் பட்டியல் கொடுத்து லாபம் பார்க்கவே முடியாது என்று பின்னால் வந்தவர்கள் நிறுவினார்கள். காகிதத்தில் இருந்த இந்தத் தேற்றம் பாஸ்டன் நகரத்துக்குப் போயிற்று. அங்கே பள்ளிச் சேர்க்கையில் முதல் விருப்பத்தைக் கேட்ட பிள்ளைகளுக்கே முதலில் உறுதியாக இடம் கொடுத்துவிடுவார்கள். போட்டி மிகுந்த பள்ளியை உண்மையாக முதலில் எழுதி, இடம் கிடைக்காமல் போன குழந்தைக்கு இரண்டாம் விருப்பப் பள்ளியும் அதற்குள் நிரம்பியிருக்கும். சூட்சுமம் தெரிந்த பெற்றோர் பாதுகாப்பான பள்ளியை முதலில் எழுதினார்கள். தெரியாத பெற்றோரின் பிள்ளைகள் இடமின்றி நின்றார்கள். உண்மை சொன்னவனைத் தண்டிக்கும் முறை! கோட்பாட்டாளர்கள் இதை எடுத்துக்காட்டிய பிறகு 2005-இல் பாஸ்டன் அதைக் கைவிட்டு, மேலே சொன்ன முறைக்கு மாறியது. நம் நாட்டில் 2015 முதல் ஐஐடி, என்ஐடி இடங்களுக்கு ஒன்றாக நடக்கும் சேர்க்கையும் இந்தக் குடும்பத்து முறைதான். சாய்ஸ் ஃபில்லிங் செய்யும் பிள்ளை, எது கிடைக்கும் என்று ஊகித்து வரிசையை மாற்றாமல், பிடித்ததைப் பிடித்த வரிசையில் எழுதினால் போதும் என்ற அறிவுரைக்குப் பின்னால் ஒரு நிறுவல் நிற்கிறது. எந்த நிபந்தனையில்? பட்டியலின் நீளத்துக்கு வரம்பு இல்லை என்ற நிபந்தனையில். நியூயார்க் நகர உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் பன்னிரண்டு விருப்பங்கள் வரைதான் எழுதலாம் என்று வைத்தார்கள். வரம்பு வைத்ததும், எதை எழுதுவது எதை விடுவது என்ற கணக்கு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. அலுவலகத்தில் ஒருவர் படிவத்தில் கட்டங்களைக் குறைக்கிறார். எங்கோ ஒரு வீட்டில் ஒரு குடும்பம் பொய் எழுதத் தொடங்குகிறது. இதைப் பார்க்கும் கண்ணைத்தான் இந்தப் பாடம் தருகிறது.

தரவுகள் மலையாகக் குவிந்துவிட்ட காலத்தில் கோட்பாடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஹுனானுக்கு மறுபடி போய்ப் பாருங்கள் என்பதே என் பதில். ஏழைகள் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால் அந்த விளைவு கலங்கிப் போயிருக்கும். யாரை யாரிடமிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தரவு தானாகச் சொல்லாது.

நேரம் முடியப் போகிறது. போவதற்கு முன் நம் வீட்டு வாசலிலேயே கிடக்கும் ஒரு கணக்கை உங்கள் கையில் கொடுக்கிறேன். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு விலையில்லா அரிசி வழங்கப்படுகிறது. விலையில்லா என்ற அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அட்டைக்கு 20 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 30 கிலோ சமைக்கும் குடும்பம் மீதி 10 கிலோவைக் கடையில்தான் வாங்குகிறது. அந்தக் குடும்பம் கூடுதலாக ஒரு கிலோ வேண்டும் என்று நினைத்தால் அதற்கு என்ன விலை? கடை விலை, சல்லிக்காசு குறையாமல். ஆக, அந்தக் குடும்பத்துக்கு அரிசியின் விலை மாறவே இல்லை. 20 கிலோவின் மதிப்பு அளவுக்கு வருமானம்தான் கூடியிருக்கிறது. அது மீனாகலாம், பள்ளிக் கட்டணமாகலாம், பேருந்துச் செலவாகலாம். ஹுனானில் நடந்ததோ வேறு. அங்கே வாங்கும் ஒவ்வொரு கிலோவின் விலையும் இறங்கியது. இரண்டையும் அரிசி மானியம் என்ற ஒரே பெயரால் செய்தித்தாள் அழைக்கும். நீங்கள் அப்படி அழைக்கக் கூடாது. சரி, அந்த வீட்டில் முதியவர்கள் இருவர் மட்டும் இருக்கிறார்கள், மாதம் 15 கிலோ போதும் என்றால்? மிஞ்சும் அரிசியை விற்க வழியில்லை என்றால்? விற்க வழி இருந்து, பாதி விலைதான் கிடைக்கும் என்றால்? வரவுசெலவுக் கோடு 20-ஆவது கிலோவில் முறிகிறது. விற்க வழியில்லை என்றால் ஒரு விதமாகவும், பாதி விலை கிடைக்கும் என்றால் வேறு விதமாகவும் முறிகிறது. தாளும் பென்சிலும் எடுத்து அந்த இரண்டு கோடுகளையும் இன்றிரவு வரைந்து பாருங்கள். பணமாகக் கொடுத்தால் எந்த வீடு கூடுதலாக மகிழும், எந்த வீட்டுக்கு இரண்டும் ஒன்றே என்பது படத்திலேயே தெரியும்.